ஆமையை எடுத்த இடம்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த முறை நான் விருந்தாளியாகப் போன வீட்டில் எனக்கு மூன்று நாள் முந்தியே ஆமை புகுந்துவிட்டது. அது தெரியாமல் நான் பாட்டுக்கு ஹட்டனிலிருந்து இரண்டு கிலோ தேயிலையும் ஒரு போத்தல் மாசிக்கருவாட்டுச் சம்பலும் தூக்கிக்கொண்டு நீலகிரி ஏறினேன். நீலகிரிக்குத் தேயிலை! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாயா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். சம்பல் இன்னும் மோசம். புரட்டாசி மாசம் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

போன காரணம் சரோஜா அக்கா, என் பெரியம்மா மகள். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது இலங்கைத் தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அக்காவின் குடும்பமும் ஒன்று. அவளைக் கட்டிய முத்தையா அத்தானின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இருவரும் கூடலூருக்கும் நாடுகாணிக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். அக்காவுக்குக் கண்ணில் புரை ஆபரேசன் செய்திருந்தார்கள். இரண்டு வாரம் குனியக்கூடாது, முகத்தில் தண்ணீர் படக்கூடாது. மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. "நீ வந்து கூட நில்லேன்டி வசந்தி" என்றாள் போனில். நான் டீச்சர். பள்ளித் தவணையின் பாதியில் லீவு கேட்டதற்கு எங்கள் பள்ளிக்கூட அதிபர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்கம்மா, கூடலூருங்களா? சன்னலோரமா உக்காந்துக்கோங்க. தலை சுத்துச்சுன்னா சொல்லுங்க, பை தர்றனுங்க." எனக்குக் கோபம் வந்தது. மலையில் பிறந்து மலையில் நரைத்தவளுக்கா தலை சுற்றும்? பர்லியார் தாண்டிய நாலாவது வளைவில் பையை வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சம்பழமும் ஒன்று தந்தார். நல்ல மனுஷன்.

குன்னூர் வந்ததும் குளிர் வந்தது, உயிரும் வந்தது. சரிவெல்லாம் தேயிலை. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோசும் படிப்படியாக இறங்கின. "அப்படியே நுவரெலியா மாதிரியே இருக்கு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், வெள்ளைத் துணி போர்த்திய படகர் அம்மாள், என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கேரட்டை நீட்டினார். மண்ணைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடித்தேன். இனிப்பு.

ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் குத்தியது. எங்கள் பக்கம் கொழுந்தை இன்னும் விரலால் கிள்ளுகிறோம். இங்கே முடிவெட்டுகிற மாதிரி கத்தரியால் சரக் சரக்கென்று வெட்டிப் பையில் தள்ளுகிறார்கள். வெட்டுகிறவர்களும் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள், ஹிந்தியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டன் காலத்தில் நாங்கள் போனதுபோல இவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஊட்டியில் பஸ் நின்ற நேரத்தில் வர்க்கி வாங்கினேன். டீயில் தோய்த்தால் கரைந்துபோகிறது, தோய்க்காமல் கடித்தால் சேலையெல்லாம் தூள். டீயோ பாலில் மூழ்கிக் கிடந்தது. பால் ஊற்றாத எங்கள் பிளேன்டியைக் கேட்டால், "கட்டஞ்சாயாவா? கூடலூர் போயிக் குடிங்க" என்று விரட்டாத குறை. நடுவட்டம் இறக்கத்தில் பஸ் டயர் பஞ்சரானது. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் யூகலிப்டஸ் மரத்தடியில் நிற்க, படகர் அம்மாள் போனில் யாரையோ படக மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். என்ன சண்டை என்று பின்சீட்டுக்காரரிடம் கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லீங்க. 'நான் வர நேரமாகும், மாட்டுக்குத் தண்ணி காட்டு, நீயும் சாப்பிடு'ன்னு மகன்கிட்டச் சொல்றாங்க" என்றார். அன்பை இந்த மலையில் இந்தச் சத்தத்தில்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான்.

வீடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா நட்சத்திரம் மாதிரி அக்கா வாசலில் நின்றாள். கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரம். அழுதோம். அழுகை முடியுமுன்பே அவள் என் காதில் சொன்னாள்: "கால் கழுவப் போறப்ப பாத்துப் போடி. உள்ள ஆமை கெடக்கு."

குளியலறையில் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. அதில் முக்கால் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஆமை. பழுப்பு ஓட்டில் கறுப்புத் திட்டுகள். முதுகின் நடுவில் பளிச்சென்று திருநாமம், அதன்மேல் ஒரு துளசிக் கொத்து. ஆமை பின்னங்காலில் எழும்பித் தொட்டி விளிம்பைப் பற்றப் பார்த்தது, சறுக்கியது, மறுபடி எழும்பியது.

"புரட்டாசி மொத சனிக்கெழமை, தங்கச்சி" என்றார் அத்தான் கைகூப்பியபடி. "பெருமாள் எடுத்த அவதாரம் தானா வந்து என் முன்னால நிக்குது. விட்டுட்டு வரச் சொல்றியா? நாடுகாணி ரோட்டோரம், மூணாவது வளைவு. ஜீப்பு ஏத்திட்டுப் போயிருப்பான். காப்பாத்திக் கொண்டாந்தேன்."

"அவதாரத்துக்குச் சுண்டல் வேற வச்சாரு" என்றாள் அக்கா. "தின்னாத்தானே? இந்த வீட்டுல நான் வச்சதையும் யாரும் நல்லாருக்குன்னு தின்னதில்ல, அதுவும் இப்பச் சேந்துக்கிட்டுது. ஆமை புகுந்த வீடுன்னு சொல்லிச் சொல்லி என் வாய் நோகுது."

பக்கத்து வீட்டு ராணி ஆமையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தாள். அவள் விரலில் ஆமை மோதிரம், ஜோசியர் சொல்லிப் போட்டதாம். விரலில் ஏறினால் லட்சுமி, வாசலில் ஏறினால் மூதேவி. இந்த ஆமை எந்தக் கட்சி என்று அதுவே முடிவெடுக்க முடியாமல்தான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது போல.

மறுநாள் காலை வெளிச்சத்தில் அதைச் சரியாகப் பார்த்தேன். நான் ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிறவள், ஆமைக் காலைக் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைகிறவள். நீந்துகிற ஆமைக்கு விரலிடையில் சவ்வு இருக்கும். இதன் கால் குட்டி யானைக்கால். தடித்து, உருண்டு, செதில் செதிலாக. இது தரையில் நடக்கிற ஆமை. நாலு நாளாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறது. மூக்கில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. கண் பாதி மூடியிருந்தது.

"அத்தான், இது நீந்துற சாதி இல்ல. இன்னும் ரெண்டு நாள் இப்படியே வச்சா செத்துப்போகும்."

"ஆமைன்னா தண்ணியிலதானே இருக்கும்? ஏன், பாற்கடலக் கடைஞ்சப்ப தண்ணிக்குள்ளதானே இருந்துச்சு?"

"அது பெருமாள். இது பாவம்!" என்று கத்திவிட்டேன். விருந்தாளி கத்தக்கூடாதுதான். ஆனால் ஆமையைத் தூக்கித் துடைத்துச் சாக்கில் வைத்தபோது அது என் உள்ளங்கையில் காலை ஊன்றித் தள்ளியது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பலம்.

காட்டிலாகாவுக்குச் சொல்லுங்கள் என்றேன். அத்தான் முகம் வெளுத்துவிட்டது. கேஸ் போடுவார்கள், பேப்பர் கேட்பார்கள், ஆபீசுக்கு அலைய விடுவார்கள். சுவர்மூலையில் குந்திக்கொண்டு, "ஆபீஸ்காரங்க பொல்லாதவங்க, ஆபீஸ்காரங்க பொல்லாதவங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயது மனிதர், ஒற்றைக் கொம்பன் யானையைக் கல்லெறிந்து விரட்டியவர் என்று அக்கா பெருமையடிக்கிற மனிதர், ஒரு ரெஜிஸ்டர் புத்தகத்துக்குப் பயந்து நடுங்கினார்.

அக்கா போனை என் கையில் கொடுத்து, "ஷீஜான்னு இருக்கும் பாரு, அதப் போடு" என்றாள். இந்தப் பக்கத்தில் எல்லார் போனிலும் வனக்காப்பாளர் நம்பர் இருக்கிறது. விடிந்தால் 'எட்டாம் நம்பர் காட்டுல பெருசு நிக்குது, கொழுந்துக்குப் போறவங்க மேல்ரோட்டுல போங்க' என்று குரல்செய்தி வந்துவிடும். அனுப்புகிறவள் ஷீஜா. எங்கள் தோட்டத்தில் விடிந்தால் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுச் சங்கு, இங்கே யானைச் செய்தி.

ஷீஜா ஜீப்பில் வந்தாள். முப்பது வயதிருக்கும், காக்கி உடுப்பு, காலில் அட்டை கடித்த தழும்புகள். மலையாளம் கலந்த கூடலூர்த் தமிழ். ஆமையைப் பார்த்ததும் நாமத்தைப் பார்த்துச் சிரித்தாள், மூக்கைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இது காட்டாமையாக்கும் சேச்சி. ஈரக்காட்டுல, ஓடைக்கரையில, மூங்கில் புல்லு கெடக்குற எடத்துல இருக்கும். புல்லு, காளான், விழுந்த பழம், இதான் தீனி. உலகத்துலயே இந்த மலைத்தொடர விட்டா வேற எங்கயும் கெடையாது. இங்கயும் கொறைஞ்சு கொறைஞ்சு வருது. காட்டுத்தீ, வண்டி, நாய். அப்புறம் சட்டி."

"சட்டியா?"

"கறிச்சட்டி." கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். "சேட்டன் பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம். நீங்களே விளிச்சுச் சொன்னீங்க, அது நல்ல காரியம். டாக்டர் பாக்கட்டும். ரெண்டு நாள்ல தேறினா எடுத்த எடத்துலயே விடணும். அதுக்கு அதோட ஓடை, அதோட பாதை, எல்லாம் தெரியும். வேற எடத்துல விட்டா தேடித் தேடி நடந்து வண்டியில சாவும்." ரெஜிஸ்டரைத் திறந்தாள். "எந்த எடத்துல எடுத்தீங்க?"

அத்தான் எச்சில் விழுங்கினார். "ரோட்டோரம். மூணாவது வளைவு. டீக்கடைக்கு இந்தாண்ட."

ஷீஜா பேனாவை நிறுத்தினாள். "அங்கயா? அங்க ஓடையே இல்லையே." அத்தான் தரையைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டு, ஆமையை ஜீப்பில் ஏற்றிப் போனாள்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் சோறு இறங்கவில்லை. சொல்லப்போனால் அக்காவுக்கு மட்டும் இறங்கியது. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லதென்று அத்தான் விடியற்காலையில் போய் வாங்கி வருவாராம், அவரே ஆய்ந்து அவரே கடைவார். "தேவாலா சந்தைக் கீரைடி. எப்படி இளசா இருக்கு பாரு" என்று எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். மாசிச் சம்பல் பரணில் ஏறிவிட்டது. அத்தான் அடிக்கடி காலிக் குளியல் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு அது சாமி மட்டுமில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் துணை அது.

வெள்ளிக்கிழமை காலை ஷீஜா வந்தாள். ஆமை தேறிவிட்டது, காளான் தின்றதாம். நாமம் கழுவப்பட்டு, கறுப்புத் திட்டுகளோடு அதன் சொந்த ஓடு மினுங்கியது. அத்தானும் நானும் ஜீப்பில் ஏறினோம். அக்கா வாசலிலிருந்து, "போயிட்டு வான்னு சொல்லாதீங்க. போன்னு சொல்லுங்க" என்றாள்.

மூன்றாவது வளைவு. ஒரு டீக்கடை, மூன்று நாய்கள், சரிவெல்லாம் சிப்ஸ் பாக்கெட்டுகள். நிலம்பூர்ப் பக்கம் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஷீஜா ஆமையை ஓரத்தில் இறக்கினாள். அது தலையை நீட்டியது, ஒரு லாரி ஹாரன் அடித்தது, தலை உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டியது. ரோட்டைப் பார்த்து இரண்டு அடி வைத்தது. நாய் ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது.

"இங்கதானே சேட்டா?"

அத்தான் சட்டென்று குனிந்து ஆமையை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இங்க இல்லம்மா." குரல் உடைந்துவிட்டது. "காட்டுக்குள்ள. எல்லைக்கல்லத் தாண்டி, சின்ன ஓடை. பொன்னாங்கண்ணி பறிக்கப் போனேன். தோட்டத்துப் பக்கம் எங்க பாத்தாலும் களை மருந்து அடிச்சிருக்கான். அந்தக் கீரைய ஆபரேசன் பண்ணுன கண்ணுக்குக் குடுக்க மனசு வரல. காட்டோடையிலதான் மருந்து படாத கீரை இருக்கு. தெனமும் திருட்டுத்தனமாத்தான் போனேன். அன்னைக்கு இது கரையில தனியா நின்னுச்சு. வழி தவறி வந்துருச்சுன்னு நெனைச்சுட்டேன். அது வூட்டு வாசல்ல அது நின்னுருக்கு!"

காட்டுக்குள் போனது குற்றம், ஆமையைத் தூக்கியது அதைவிடப் பெரிய குற்றம்.

"அப்ப ஏன் சேட்டா பொய் சொன்னீங்க?"

"நீ எழுதுற புத்தகத்தப் பாத்தேன். பயந்துட்டேன்." ஆமையின் ஓட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "இலங்கையில ஒரு ஆபீஸ்காரன் எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் கேட்டான், எந்த ஊருன்னு. எங்கப்பா பொறந்ததே தோட்டத்துல. தாத்தா சொன்ன பேரு பாதி ஞாபகம். வாய்க்கு வந்தத, துறையூருன்னு சொன்னாரு. அவன் எழுதிக்கிட்டான். எங்கள அங்க கொண்டாந்து எறக்கிட்டாங்க. ஒருத்தருக்கும் எங்களத் தெரியாது. கோயில் மண்டபத்துல ரெண்டு மாசம் கெடந்தோம். அங்கதான் என் தங்கச்சி காய்ச்சல்ல போச்சு." மூச்சு வாங்கினார். "தப்பான எடத்துல எறக்கிவிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. இதுக்கு நான் அதச் செய்ய மாட்டேன். கேஸு போட்டுக்கோ."

நான் அழுதேன். வெட்கப்படவில்லை. டீக்கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஷீஜா ஜீப்பிலிருந்து ரெஜிஸ்டரை எடுத்தாள். பானட்டில் வைத்து, முன்னே எழுதியிருந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

"எழுதுனத அடிக்கலாமா?" என்றார் அத்தான்.

"அடிக்கலாமே. தப்புன்னு தெரிஞ்சா மாத்தி எழுதி ஒப்பு வாங்கிக்கணும். அவ்வளவுதான்."

அவர் வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

எல்லைக்கல்லுக்கு அப்பால் அரைமணி நடை. அட்டைகள் என் செருப்புக்குள் குடும்பத்தோடு குடியேறின. மூங்கில், பிரம்புப் புதர், காலடியில் சதசதவென்று இலைச்சருகு. ஓடை ஒரு முழ அகலம்தான். கரையில் பொன்னாங்கண்ணி, பறித்த காயம் ஆறாமல். அத்தான் தடுமாறாமல் ஒரு பாசிக்கல்லருகே போய் நின்றார். "இதான்."

இறக்கிவிட்டதும் ஆமை தலையை உள்ளே இழுக்கவில்லை. கழுத்தை முழுசாக நீட்டியது, ஒரு நிமிஷம் முகர்ந்தது, பிறகு யாரிடமும் வழி கேட்காதவர் நடப்பதுபோல் பிரம்புப் புதருக்குள் நடந்தது. சருகுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அத்தான் கைகூப்பவில்லை. "போ" என்றார், அக்கா சொன்னபடி.

திரும்பும்போது ஷீஜா அவரை நன்றாகவே திட்டினாள். இன்னொரு தரம் கல்லைத் தாண்டினால் கேஸ் நிச்சயம், யானை மிதித்தால் அதுகூட இல்லை. ஆபீசில் தானே பேசுவதாகவும், கேஸ் இல்லாமல் எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு முடித்துத் தருவதாகவும் சொன்னாள். வீட்டில் அக்காவும் விஷயம் கேட்டுத் திட்டினாள். "சந்தைக் கீரைன்னு சொல்லி யானை நடமாடுற காட்டுக்குள்ள போனீரா? எனக்குக் கண்ணு வந்து உம்ம போட்டோவைப் பாக்கவா?" இரண்டு பேர் திட்டியதிலும் நடுவட்டத்தில் கேட்ட அந்தப் படகர் அம்மாளின் சத்தம்தான் இருந்தது.

நான் கிளம்புவதற்கு முதல்நாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சிட்டியா" என்றாள். பிறகு ஓடைக்கரையில் நான் எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆமை வந்த நாளிலிருந்து அதை அவள் தெளிவாகப் பார்த்ததே இல்லை. பாசிக்கல், பிரம்பு, ஓட்டின் ஓரம்.

"பாருடி, நம்ம ஊருல தண்ணி புடிக்கிற பீலிக்கரை மாதிரியே இருக்கு" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். "வந்ததுலேருந்து நானும் அதான் சொல்றேன். எல்லாமே நம்ம ஊரு மாதிரியே இருக்கு."

அத்தான் வாசலில் குந்தியிருந்தார். நீலத் தொட்டியில் மண் நிரப்பி, ஷீஜா யார் தோட்டத்திலிருந்தோ கொண்டுவந்து தந்த பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஊன்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"மாதிரி இருந்தாப் பத்தாது தங்கச்சி. அதே எடமா இருக்கணும்."

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனியலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு தண்டை எடுத்து அவளும் ஊன்றினாள்.